வீட்டிலேயே வெல்டிங்: மெஷின் வாங்கும் முன் கொடைக்கானல் சொல்லித்தரும் பாடம் என்ன?

வெல்டிங் மெஷின் என்றால் ஒரு காலத்தில் பட்டறை மூலையில் கிடக்கும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர். நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். இன்று அது நான்கைந்து கிலோ எடையில், தோளில் மாட்டிக்கொண்டு போகிற பெட்டியாகச் சுருங்கிவிட்டது. ‘இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின்’ என்று போனில் தேடினால் ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. ஆர்டர் போட்டால் சில நாளில் மலை ஏறியும் வந்துவிடுகிறது. பெட்டியோடு ஒரு ஹோல்டர், ஒரு எர்த் கிளாம்ப், சில நேரம் கையில் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் முகக்கவசமும் இலவசம்.

சொல்லித்தர ஆள் மட்டும் பார்சலில் வருவதில்லை.

வீட்டில் சின்னதாக ஒரு பட்டறை அமைத்து வெல்டிங் பழக வேண்டும் என்ற ஆசை தப்பே இல்லை. அது நல்ல ஆசை. ஆனால் பெரும்பாலானோர் அதை ஆரம்பிக்கிற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் மெஷின், பிறகு யூடியூப் வீடியோ, கண் எரிந்த பிறகு கண்ணாடி, நெஞ்சு எரிந்த பிறகு மாஸ்க். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். அதை எடுத்துச் சொல்ல கொடைக்கானலைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

மலைமேல் ஏன் இந்தத் தேவை?

பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை பக்கம் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான் வாழ்க்கை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டை விளைவிக்கிறவரின் மண்வெட்டிக் காது பிய்ந்தால், மருந்து அடிக்கிற ஸ்டாண்ட் உடைந்தால், கேட்டின் கீல் விட்டுப்போனால், வேலையைப் போட்டுவிட்டு டவுனுக்கு வர வேண்டும். பத்து நிமிட வேலைக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

டவுனில் வேறு கதை. மூடுபனியும் மழையும் இரும்பை விட்டுவைப்பதில்லை. தகரக் கூரையின் தாங்கு கம்பி, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் சமவெளியைவிடச் சீக்கிரம் துருவேறுகின்றன. போதாததற்குக் காட்டெருமைகள் தெருவிலேயே நடமாடுகிற ஊர். வேலியும் கேட்டும் ஒரு தடவை போட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம் அல்ல. ஆக, இங்கே ஒரு விவசாயியோ, ஹோம்ஸ்டே நடத்துகிறவரோ, வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணோ வெல்டிங் பழக நினைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் இதே குளிரும் ஈரமும் உயரமும்தான் வெல்டிங்கை இங்கே கூடுதல் ஆபத்தாக்குகின்றன.

கண்: சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாமா?

கொடைக்கானலில் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைத் தினமும் படம் பிடிக்கிற இடம். அங்கே யாரும் தொலைநோக்கியில் வெறும் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்ப்பதில்லை. இது ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். வெல்டிங் ராடு முனையில் எரியும் ஆர்க்கின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு. சில நேரம் அதற்கும் மேலே. வித்தியாசம், சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆர்க் இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. நடுவில் புற ஊதாக் கதிரைத் தடுக்க வளிமண்டலமும் கிடையாது.

‘ஒரே ஒரு டேக்தானே, கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிடலாம்’ என்பதுதான் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற வசனம். அடித்த உடனே ஒன்றும் தெரியாது. ஏழெட்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும். கருவிழியின் மேல்தோல் வெந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் உருளைக்கிழங்கு வில்லையை வைப்பது, தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியங்கள் வெந்த கண்ணில் கிருமியைச் சேர்த்துவிடக்கூடும். கண் மருத்துவரிடம் போவதுதான் வழி.

எனவே முதல் செலவு ஹெல்மெட். கையில் பிடிக்கிற முகக்கவசம் புதியவருக்கு ஆகாது. ஒரு கை அதற்கே போய்விடும். இரும்பைப் பிடிக்கவும் உடம்பைச் சமநிலையில் வைக்கவும் கை இருக்காது. ஆர்க் எரிந்ததும் தானாக இருளும் ஹெல்மெட் இன்று ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டு வேலைக்கு அதன் இருள் அளவு 10 அல்லது 11-ல் இருக்க வேண்டும். கூலிங் கிளாஸ் எத்தனை விலையுயர்ந்ததாக இருந்தாலும் இதற்கு மாற்று இல்லை.

வேடிக்கை பார்க்கிற குழந்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே விதிதான். சுற்றிலும் ஒரு தடுப்பு கட்டாமல் ராடை எடுக்கக் கூடாது.

மூச்சு: கண்ணுக்குத் தெரியாத ஆவி என்ன செய்யும்?

கொடைக்கானலுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980-களில் இங்கே இடம் மாற்றப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை, பிற்பாடு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடப்பது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்ததும் ஆலை மூடப்பட்டது. போதிய பாதுகாப்பு இல்லாமல் பாதரசத்தோடு வேலை செய்தோம் என்பது தொழிலாளர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்த புகார். அவர்களின் உடல்நலப் பாதிப்புக்கு ஆலை காரணமல்ல என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

பாதரசமும் வெல்டிங் புகையும் ஒன்றல்ல. ஒரு வீட்டுப் பட்டறையை ஓர் ஆலையோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் அந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. மூச்சு வழியாக உள்ளே போகிற உலோகத்தின் கணக்கு அன்றைக்கே தெரியாது. வேலையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் பேச்சு ஓயாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி., 2017-ல் கூடிய நிபுணர் குழுவின் முடிவுப்படி, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அதற்கு முன்பு ‘வாய்ப்பு இருக்கலாம்’ என்ற பிரிவில்தான் அது இருந்தது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2019-ல் விதியைக் கடுமையாக்கியது. சாதாரண இரும்பை வெல்டிங் செய்தாலும், திறந்த வெளியில் செய்தாலும், புகைக்குப் பாதுகாப்பு கட்டாயம் என்றது.

வீட்டுப் பட்டறையில் இதைவிடச் சீக்கிரம் வேலையைக் காட்டுவது துத்தநாகம். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. ஷீட் இரண்டுக்கும் மேலே இருக்கிற வெள்ளிப் பூச்சு அதுதான். கொடைக்கானலின் ஈரத்துக்கு எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருகவே 1,500 டிகிரி வேண்டும். ஆக, இரும்பு இணைவதற்கு முன்பே பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பி மூக்குக்கு வந்துவிடும். சாயங்காலம் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. மலையில் அதைச் சாதாரணக் குளிர்க்காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். ‘ஒரு டம்ளர் பால் குடிச்சா முறிஞ்சிடும்’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது. புகை போனது நுரையீரலுக்கு. பூச்சைக் கிரைண்டரால் இணைப்பின் இருபுறமும் ஓரிரு அங்குலம் சுரண்டிவிட்டு வெல்டிங் செய்வதுதான் முறை. அந்தத் தூசிக்கும் மாஸ்க் வேண்டும். பழகுகிற முதல் சில மாதம் ஜி.ஐ. பக்கமே போகாமல் இருப்பது இன்னும் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அப்படியே. அதன் புகையில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன.

குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வெல்டிங் செய்வது இந்த ஊரின் பெரிய ஆபத்து. இரண்டு பக்கமும் திறந்த ஷெட், பக்கவாட்டில் காற்று இழுத்துப் போகிற அமைப்பு, புகைத் தூணுக்குள் தலையைக் குனிக்காத பழக்கம் ஆகிய மூன்றும் காசில்லாமல் வருகிற பாதுகாப்பு. அதற்குமேல் எஃப்.எஃப்.பி.2 அல்லது என்-95 தரத்து மாஸ்க் ஹெல்மெட்டுக்குள்ளேயே அடங்கும். முகத்தில் கட்டுகிற துண்டு தூசியைக்கூட முழுசாகத் தடுக்காது, புகையை எப்படித் தடுக்கும்?

கரண்ட்: வீட்டு லைன் தாங்குமா?

‘200 ஆம்ப்ஸ் மெஷின், வீட்டுப் பிளக்கிலேயே ஓடும்’ என்பது விளம்பர வாசகம். பாதி உண்மை. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

2.5 மி.மீ. ராடு, அதாவது கடையில் ‘12 கேஜ்’ என்று கேட்டால் கொடுப்பது, சுமார் 70 ஆம்பியரில் எரியும். ஆர்க்கின் மின்னழுத்தம் 23 வோல்ட் அளவு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,600 வாட். மெஷினில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். சரியாக வயரிங் செய்த 16 ஆம்பியர் பவர் பிளக் இதைத் தாங்கும். ஆனால் குமிழைத் திருப்பி 120 ஆம்பியரில் ‘10 கேஜ்’ ராடு எரித்தால், இழுப்பது 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். பழைய பங்களாவின் ஐம்பது வருஷ வயர் சுவருக்குள்ளேயே சூடேற ஆரம்பிக்கும்.

ஆகவே மீட்டரிலிருந்து தனியாக ஒரு லைன், 4 சதுர மி.மீ. செப்பு வயர், அதற்கென்று எம்.சி.பி., மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., முறையான எர்த். இதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம்தான் விட வேண்டும். இன்னொன்று, வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்குத்தான். ஊராருக்குக் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தால் மின்வாரியத்திடம் அதற்கான இணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஈரம் இன்னொரு தொல்லை. ஆர்க் எரியாமல் மெஷின் சும்மா ஓடும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். காய்ந்த கையுறைக்கு அது பெரிதில்லை. நனைந்த கையுறை, ஈரத் தரை, வெறும் கால் மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பனி இறங்கும் நேரத்தில் திறந்த வெளியில் வெல்டிங் வேண்டாம். காலுக்கு அடியில் காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ கட்டாயம்.

ராடும் ஈரத்தை உறிஞ்சும். மேல்பூச்சு நமுத்த ராடு சடசடவென்று வெடித்து, இணைப்பில் ஓட்டை ஓட்டையாக விடும். மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிரித்த பாக்கெட்டை அடுப்படி அலமாரியில் போட்டுவிட்டு, ‘மெஷின் சரியில்லை’ என்று சொல்வது மெஷினுக்குச் செய்கிற அநியாயம்.

உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெல்டிங் மெஷின்களுக்கான ஐ.இ.சி. 60974-1 என்ற சர்வதேசத் தரநிலை 1,000 மீட்டர் உயரம் வரையிலான பயன்பாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, உள்ளே இருக்கும் விசிறியால் சூட்டை அதே வேகத்தில் வெளியேற்ற முடியாது. ஊரின் குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். என்றாலும் மெஷினில் ‘60 சதவீதம்’ என்று எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டும் வெல்டிங் என்று பொருள். அதை மலையில் இன்னும் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தீ: பொறி எவ்வளவு தூரம் போகும்?

வெல்டிங் மட்டுமல்ல, கிரைண்டரும் தீ வைக்கும். கிரைண்டரிலிருந்தும் ராடிலிருந்தும் தெறிக்கிற பொறிகள் 11 மீட்டர் வரை போகலாம் என்று கணக்கில் வைத்துத்தான் சர்வதேசத் தீத்தடுப்பு விதிகள் எழுதப்பட்டுள்ளன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து, மலையில் காட்டுத்தீ பிடிக்கிற காலம். அப்போது புல்வெளியை ஒட்டி, சவுக்கு, யூகலிப்டஸ் சருகு கிடக்கிற இடத்தில் வேலி வெல்டிங் செய்வது வீட்டு விஷயமாக நிற்காது, காட்டின் விஷயமாகிவிடும். அந்த வேலையை மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அல்லது வேலித் துண்டுகளை ஷெட்டிலேயே செய்து, இடத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம்.

மரத் தரை, மரக் கூரை உள்ள பழைய வீடுகளில் உள்ளே வெல்டிங் கூடவே கூடாது. எங்கே செய்தாலும் ஒரு பக்கெட் மணல், ஒரு தீயணைப்பான், வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருந்து பார்ப்பது. இது விதி. ‘வேலை முடிஞ்சிருச்சு, சாப்பிடப் போலாம்’ என்கிற அந்த அரை மணியில்தான் பலகை இடுக்கில் விழுந்த பொறி வளர்கிறது.

உடையிலும் மலைக்கென்று ஒரு எச்சரிக்கை. அக்ரிலிக் சுவெட்டரும் நைலான் ஜெர்கினும் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த பருத்திச் சட்டை, மடிப்பு வைக்காத ஜீன்ஸ், தோல் ஏப்ரன், மூடிய ஷூ. செருப்போடு பட்டறைக்குள் நுழையவே கூடாது.

அப்படியானால் என்னதான் வாங்க வேண்டும்?

பாதுகாப்பைத் தனிக் கணக்காகப் பார்க்காமல் மொத்த பட்ஜெட்டில் பாதி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. விலை கடைக்குக் கடை மாறும். கீழே இருப்பது தோராயம்.

முதல் வரிசை: தானாக இருளும் ஹெல்மெட் (1,500 முதல் 2,500 ரூபாய்), தோல் கையுறை, தோல் ஏப்ரன் (இரண்டும் சேர்த்து ஆயிரத்துக்குள்), கிரைண்டருக்குத் தனியாகக் கண்ணாடி, மாஸ்க், சின்ன தீயணைப்பான் (1,500 ரூபாய் அளவில்), தனி லைன் இழுக்கும் செலவு.

இரண்டாம் வரிசை: 4 அங்குலக் கிரைண்டர் (2,000 முதல் 3,000 ரூபாய்), கட்டிங் வீல், கம்பி பிரஷ், கசடு தட்டுகிற சுத்தியல், நாலு கிளாம்ப், மூலைமட்டம், ஒரு வைஸ். கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளின் பரவலான கெட்ட பழக்கம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிற தட்டு உடைந்தால், அது முகத்துக்கு வந்து சேர அரை நொடி ஆகாது.

மூன்றாம் வரிசையில்தான் மெஷின் (6,000 முதல் 8,000 ரூபாய்). புதியவருக்கு ராடு வைத்து எரிக்கிற சாதாரண ஆர்க் மெஷினே போதும். மிக் மெஷினில் கோடு போடுவது சுலபம். ஆனால் கேஸ் சிலிண்டரை மலைக்கு ஏற்றி இறக்குவதும், காற்று அடிக்கிற ஷெட்டில் கேஸ் கலைந்துபோவதும் தனித் தலைவலி. ராடில் 6013 வகையை 12 கேஜில் வாங்கினால் போதும். புதியவரின் தப்பைப் பொறுத்துக்கொள்கிற ராடு அது.

எல்லாம் சேர்த்தால் இருபதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். ‘மெஷினே ஆறாயிரம்தான், மத்ததுக்கு எதுக்கு பதினாலாயிரம்?’ என்று கேட்கத் தோன்றும். ஹெல்மெட் போடாவிட்டாலும் பைக் ஓடும் என்பது மாதிரியான கேள்வி இது.

எப்படிப் பழகுவது?

பழைய இரும்புக் கடையில் 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள பட்டைத் துண்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். மெல்லிய சதுர டியூபில் ஆரம்பித்தால் ஓட்டைதான் விழும். துருவையும் பெயிண்டையும் தேய்த்து, இரும்பு பளபளக்க வேண்டும். ராடைத் தீக்குச்சி மாதிரி உரசி ஆர்க்கைப் பிடிப்பது முதல் பாடம். ஒட்டிக்கொள்ளும், பரவாயில்லை, எல்லோருக்கும் ஒட்டும். ராடின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் ராடுக்கும் இரும்புக்கும் இடைவெளி. தூக்கினால் தெறிக்கும், அமுக்கினால் ஒட்டும். சரியாக வந்தால் தாளிக்கிற மாதிரி சீரான சத்தம் கேட்கும்.

பார்க்க வேண்டியது வெளிச்சத்தை அல்ல. அதற்குப் பின்னால் உருகி நிற்கிற குட்டையை. அதன் அகலம் சீராகப் போனால் கோடு சீராகப் போகும். நூறு கோடு போட்ட பிறகு இரண்டு பட்டையைச் செங்குத்தாக வைத்து ஒரு பக்கம் மட்டும் இணைத்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கசடு கறுப்பாகத் தெரிந்தாலோ, ஒரு பட்டையில் இரும்பு உருகவே இல்லை என்று தெரிந்தாலோ, அந்த வெல்டிங் வெறும் ஒட்டுதான். பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லா வெல்டிங்கும் அழகாகத்தான் இருக்கும். சுத்தியல் ஒன்றுதான் பொய் சொல்லாது.

அதனால்தான் முதல் வருஷத்தில் செய்யக் கூடாத வேலைகளின் பட்டியல் முக்கியம். மாடிக் கைப்பிடி, ஊஞ்சல் கொக்கி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், வண்டியின் சேஸிஸ், ஏணி போன்று ஆள் எடையைத் தாங்குகிற எதுவும் கூடாது. பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம், மூடிய எந்தக் கலமும் எந்த வருஷத்திலும் கூடாது. காலியாக இருப்பதாகத் தோன்றும் டிரம்மில் மிஞ்சிய ஆவியே வெடித்து ஆளைக் கொன்றுவிடும். பூந்தொட்டி ஸ்டாண்ட், செருப்பு அலமாரி, விறகு அடுக்கும் சட்டம் இவையெல்லாம் செய்யலாம். உடைந்தால் சிரித்துவிட்டு மறுபடி செய்யலாம்.

பட்டறைக்காரர் பிழைப்பு என்ன ஆகும்?

ஆளாளுக்கு வீட்டில் வெல்டிங் செய்தால் ஊர்ப் பட்டறை மூடிவிடாதா என்பது நியாயமான கேள்விதான். நடைமுறையில் அப்படி நடக்க வாய்ப்பு குறைவு. சொந்தமாக ஒரு கோடு நேராகப் போட முயன்றவருக்குத்தான் பட்டறைக்காரரின் கூலி ஏன் நியாயம் என்று புரியும். கேட்டும் கூரையும் அவரிடம்தான் போகும், போக வேண்டும்.

இன்னும் சொன்னால், புதியவருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல ஆசிரியரும் அவரே. பத்து நாள் அவரிடம் காசு கொடுத்துக் கூட நின்று பழகினால், வீடியோவில் கிடைக்காத கைப்பக்குவம் வந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: தொழிலை அவரிடம் கற்றுக்கொள்ளலாம், மாஸ்க் போடாத பழக்கத்தை அல்ல. ‘முப்பது வருஷமா இப்படித்தான் அடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?’ என்று அவர் கேட்பார். முப்பது வருஷம் தாக்குப்பிடித்தவர்தான் பட்டறையில் நின்று பதில் சொல்கிறார். தாக்குப்பிடிக்க முடியாதவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

அரசு என்ன செய்யலாம்?

கற்றுக்கொடுக்கிற திறமை தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்கிற ஓராண்டு வெல்டர் பிரிவு உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு செயல்படுத்தியிருக்கிறது.

ஆனால் இவை பெரும்பாலும் வேலை தேடுகிற இளைஞர்களுக்கானவை. சான்றிதழோ வேலையோ வேண்டாம், வீட்டுக் கேட்டைப் பாதுகாப்பாகச் சரிசெய்யத் தெரிந்தால் போதும் என்கிற நாற்பது வயது மலை விவசாயிக்கு எளிதில் எட்டுகிற வகுப்பு இல்லை. அவர் ஆன்லைனில் மெஷின் வாங்குவார். வாங்கத்தான் போகிறார், அதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, ஐ.டி.ஐ. பட்டறைகள் சனி, ஞாயிறு பூட்டிக்கிடக்காமல், ஆறு வார இறுதிகள் கொண்ட அடிப்படை வெல்டிங் வகுப்பை எல்லா வயதினருக்கும் கட்டணத்துக்கு நடத்தலாம். மலைக்கு வரும்போது கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பெண்களுக்கான முகாமாகவும் நடத்தலாம். இரண்டு, வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் ஒவ்வொரு வெல்டிங் மெஷின் பெட்டியிலும் கண், புகை, துத்தநாகம், ஈரம் பற்றிய எச்சரிக்கை தமிழில் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவரலாம். ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் அச்சிட்ட கையேட்டை யாரும் பிரித்துப் படிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆவி மனிதரை என்ன செய்யும் என்ற வாதத்தைக் கொடைக்கானல் பதினைந்து ஆண்டுகள் நடத்தியது. அந்த ஊரில் ஒருவர் வீட்டு ஷெட்டில் முதல் ராடைப் பற்றவைக்கும்போது, மெஷினுக்கு முன்பே ஹெல்மெட்டும் மாஸ்க்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வாங்குகிற வரிசையை மாற்றினாலே போதும்.